வில்லுப்பாட்டுப் பதிவுகளில் குடம் ஏன் கேட்பதில்லை?

கோயில்களில் கொடை விழா நடக்கும் காலம் வந்தால் குமரி மாவட்டத்திலும், களியக்காவிளை தாண்டி பாறசாலை, நெய்யாற்றின்கரைப் பக்கத்திலும் வில்லுப்பாட்டு மேடைகள் எழும்பிவிடும். 1956 நவம்பர் 1 அன்று தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு தாலுகாக்கள் தமிழ்நாட்டோடு சேர்ந்தன; நெய்யாற்றின்கரை கேரளத்தில் நின்றது. வில் மட்டும் இரண்டு பக்கமும் ஒன்றுதான். இங்கே தமிழில் பாடுகிறோம், அங்கே வில்லடிச்சாம்பாட்டு என்று மலையாளத்திலும் பாடுகிறார்கள். இப்போதெல்லாம் கொடை முடிவதற்குள்ளேயே பதிவு யூடியூபில் ஏறிவிடுகிறது. அந்தப் பதிவுகளில் சிலவற்றை ஹெட்போன் மாட்டிக் கேட்டுப் பாருங்கள். முதன்மைப் பாடகரான அண்ணாவியின் குரல் தெளிவாக முன்னால் நிற்கும். வில்மணியும் ஜால்ராவும் காதைக் கூசவைக்கும். உடுக்கை பரவாயில்லாமல் கேட்கும். தாளத்துக்கு அடிக்கும் மண்குடம் மட்டும் எங்கோ பலகையைத் தட்டுவதுபோல் மெலிந்து கிடக்கும்.

மேடைக்கு முன்னால் உட்கார்ந்து கேட்டவர்களுக்கு இது பெரிய இழப்பு என்று தெரியும். வில்லுப்பாட்டின் நடையைத் தாங்குவதே குடம்தான். அது காதில் கேட்பதற்கு முன்னால் நெஞ்சில் விழும். ‘எனக்க குடம் வெளியே கேக்கவே இல்லியே’ என்று குடம் அடிப்பவர் மைக்செட்காரரிடம் குறைப்படுவதும், அவர் வால்யூமைக் கூட்டுவதும், கூட்டிய உடனே மைக் கூவுவதும் நம் மேடைகளில் வழக்கமாக நடப்பவை. மைக் மட்டமானது என்று பழி போடுவது எளிது. ஆனால் பல மேடைகளில் இருப்பது நல்ல மைக்தான். தயாரித்தவர்கள் எதற்காகச் செய்தார்களோ அதை அது சரியாகவே செய்கிறது. அவர்கள் குடத்துக்காக அதைச் செய்யவில்லை, அவ்வளவுதான். ஒரு மைக்கின் அதிர்வெண் துலங்கல் என்பது ஒரு குறிப்பிட்ட ஒலியையும் ஒரு குறிப்பிட்ட தூரத்தையும் மனத்தில் வைத்து யாரோ எடுத்த முடிவு. அந்த முடிவு என்னவென்று தெரிந்தால்தான் நம்முடைய ஒலிக்கு அது ஒத்துவருமா என்று சொல்ல முடியும்.

முதலில் துலங்கல் என்றால் என்ன என்று பார்த்துவிடலாம். மைக்செட்காரர்கள் ஃப்ரீக்வன்ஸி ரெஸ்பான்ஸ் என்று சொல்வதும் இதைத்தான். ஒலி என்பது காற்றழுத்தத்தின் ஏற்ற இறக்கம். ஒரு நொடியில் அது எத்தனை முறை ஏறி இறங்குகிறதோ அத்தனை ஹெர்ட்ஸ். இளம் காதுக்கு 20 முதல் 20,000 ஹெர்ட்ஸ் வரை கேட்கும்; வயது ஏற ஏற மேல் எல்லை இறங்கிவிடும். எல்லா அதிர்வெண்ணிலும் ஒரே வலிமையுள்ள ஒலியை ஒரு மைக்கின் முன் வைத்தால், அது எல்லாவற்றையும் ஒரே அளவு மின்சாரமாக மாற்றித் தருவதில்லை. சிலவற்றைக் கூட்டித் தரும், சிலவற்றைக் குறைத்துத் தரும். எந்த அதிர்வெண்ணில் எவ்வளவு கூட்டல், எவ்வளவு குறைவு என்று கோடாக வரைந்தால் அதுதான் துலங்கல் வரைபடம். கிடைக்கோட்டில் ஹெர்ட்ஸ், நிமிர்கோட்டில் டெசிபெல். 3 டெசிபெல் கூடினால் ஒலியின் ஆற்றல் இரு மடங்கு. 10 டெசிபெல் கூடினால் காதுக்கு ஏறக்குறைய இரண்டு மடங்கு சத்தமாகத் தோன்றும்.

மைக் வாங்கப் போனால் அட்டைப்பெட்டியில் இந்த வரைபடம் பெரும்பாலும் இருக்காது. ‘20–20,000 ஹெர்ட்ஸ்’ என்று ஒரு எண்ணை மட்டும் போட்டிருப்பார்கள். சட்டையில் குத்தும் சின்ன மைக்குகளிலும் இந்த எண்ணையே பார்க்கலாம். அதனோடு எத்தனை டெசிபெல் ஏற்ற இறக்கத்துக்குள் என்று சொல்லாவிட்டால் அந்த எண்ணுக்கு ஒரு பொருளும் இல்லை. 20 ஹெர்ட்ஸில் 20 டெசிபெல் குறைந்து போன மைக்கும் அந்த ஒலியை ‘எடுக்கத்தான்’ செய்கிறது. ‘கூடுதல் குறைவு 3 டெசிபெல்லுக்குள் 40 முதல் 18,000 வரை’ என்று எழுதியிருந்தால் அது நாணயமான தகவல். எந்தத் தூரத்தில் அளந்தது என்றும் சொல்லியிருந்தால் இன்னும் நல்லது. ஏன் தூரம் முக்கியம் என்பதைக் கொஞ்சம் பிறகு சொல்கிறேன், குடத்தின் கதையில் பாதி அங்கேதான் இருக்கிறது.

நேர்க்கோடாக ஒரு மைக்கைச் செய்துவிட்டால் என்ன என்று கேட்கலாம். செய்கிறார்கள். ஆனால் அதற்கு இயற்கையோடு மல்லுக்கட்ட வேண்டும். மைக்குக்குள் ஒரு மெல்லிய சவ்வு இருக்கிறது. ஒலி வந்து தொட்டால் அது அசையும். டைனமிக் மைக்கில் அந்தச் சவ்வோடு ஒரு கம்பிச்சுருளும் ஒட்டியிருக்கும். சுருள் காந்தத்துக்குள் அசைவதால் மின்சாரம் பிறக்கும். சுருளுக்கு எடை உண்டு. நொடிக்குப் பதினையாயிரம் முறை முன்னும் பின்னும் அசைய அந்த எடை விடாது, அதனால் மேல்முனையில் ஒலி மங்கும். கன்டென்சர் மைக்கில் சுருள் கிடையாது. சில மைக்ரான் தடிமனுள்ள சவ்வும் அதன் பின்னால் ஒரு தகடும் மட்டும்தான், ஆகவே உயர் அதிர்வெண் வரை சுலபமாகப் போகும். வெஸ்டர்ன் எலக்ட்ரிக் நிறுவனத்தைச் சேர்ந்த வென்ட் இதை 1916-இல் உருவாக்கினார். 1962-இல் பெல் ஆய்வகத்தில் செஸ்லரும் வெஸ்டும் கண்டுபிடித்த எலக்ட்ரெட் வகைதான் சட்டை மைக்குகளிலும் மலிவான ஹெட்செட்டுகளிலும் இருப்பது.

சவ்வின் அகலமும் கணக்கில் வரும். 100 ஹெர்ட்ஸ் ஒலியின் அலைநீளம் சுமார் 3.4 மீட்டர், 10,000 ஹெர்ட்ஸுக்கு வெறும் 3.4 சென்டிமீட்டர். ஸ்டூடியோவில் பார்க்கும் பெரிய மைக்கின் சவ்வு கிட்டத்தட்ட இரண்டரை சென்டிமீட்டர் அகலம். அந்த அளவில் மணியோசை போன்ற உயர் ஒலிகள் நேர்முன்னால் வந்தால் ஒருமாதிரியும், பக்கவாட்டில் வந்தால் வேறுமாதிரியும் பதிவாகும். சிறிய சவ்வுள்ள பென்சில் வடிவ மைக்குகளில் இந்த வேறுபாடு குறைவு. ஆகவே ஒரு மைக்குக்கு ஒரே ஒரு வரைபடம் என்பது அரை உண்மை. நேர்முன்னால் ஒன்று, 90 பாகையில் ஒன்று, பின்பக்கம் ஒன்று என்று பல கோடுகள் உண்டு. வில்லுப்பாட்டு மேடையில் எல்லாரும் வரிசையாக உட்காருவதால், ஒருவருடைய மைக்குக்கு அடுத்தவர் ஒலி எப்போதும் பக்கவாட்டில்தான் போய்ச் சேரும்.

சரி, நம் மேடைகளில் அதிகம் காணும் மைக்கை எடுத்துக்கொள்வோம். பந்துபோன்ற வலைத்தலையும் கைக்கு அடங்கும் உடலுமாக இருக்கும் ஷூர் எஸ்எம்58. 1966-இல் வந்தது. அச்சு அசலாக அதே உருவத்தில் போலிகளும் ஏராளம். உண்மையான எஸ்எம்58-க்குத் தயாரிப்பாளர் சொல்லும் வீச்சு 50 முதல் 15,000 ஹெர்ட்ஸ். வரைபடத்தைப் பார்த்தால் கதை புரியும். நடுப்பகுதி ஏறக்குறைய சமம். கீழே 200 ஹெர்ட்ஸுக்குப் பிறகு கோடு மெல்லச் சரிகிறது. மேலே 2,000-ஐத் தாண்டியதும் ஏறத் தொடங்கி, 4,000 முதல் 6,000 வரை சில டெசிபெல் உயர்ந்து நிற்கிறது. பிறகு 10,000-க்கு மேல் இறங்கிவிடுகிறது.

இந்த மேடும் சரிவும் கோளாறினால் வந்தவை அல்ல, யோசித்து வைத்தவை. மனிதக் காதுக்கு 2,000 முதல் 5,000 ஹெர்ட்ஸ் வரைதான் கூர்மை அதிகம். சொற்களைப் பிரித்துக் காட்டும் மெய்யெழுத்துகளின் ஒலியில் பெரும்பங்கு 2,000-க்கு மேல் இருக்கிறது. ‘சுடலை’யின் ச, ‘ஸ்வாமி’யின் ஸ், ‘தட்டு’க்கும் ‘கட்டு’க்கும் உள்ள வேறுபாடு, இவையெல்லாம் அங்கேதான் முடிவாகின்றன. கூட்டத்தின் இரைச்சலையும் செண்டைச் சத்தத்தையும் மீறிப் பாட்டின் சொல் கேட்க வேண்டுமானால் அந்த இடத்தைத் தூக்கிக் கொடுப்பது நல்ல யோசனை. கீழ்ச்சரிவுக்குக் காரணம் வேறு: பாடகர் மைக்கை உதட்டோடு ஒட்டிப் பிடிப்பார் என்று வைத்தே இதை வடிவமைத்திருக்கிறார்கள்.

ஒரு பக்கத்து ஒலியை மட்டும் அதிகமாக எடுக்கும் மைக்குகளுக்கு ஒரு குணம் உண்டு. ஒலி பிறக்கும் இடம் நெருங்க நெருங்கத் தாழ்ந்த ஒலிகள் பெருத்துக்கொண்டே போகும். இவ்வகை மைக்கில் ஒலி சவ்வின் முன்பக்கத்தையும் தொடும், பின்பக்கத்துத் துளைகள் வழியே சுற்றிப் போய்ப் பின்பக்கத்தையும் தொடும். இரண்டுக்கும் உள்ள அழுத்த வேறுபாடுதான் சவ்வை அசைக்கிறது. ஒலிமூலம் மிக நெருக்கமாக இருந்தால் முன்பக்கத்து அழுத்தம் பின்பக்கத்தைவிடத் தூரத்தினாலேயே அதிகமாகிவிடும். அந்த வேறுபாடு தாழ்ந்த அதிர்வெண்களில்தான் பெரிதாகத் தெரியும். வாயிலிருந்து அரை சென்டிமீட்டர் தூரத்தில் 100 ஹெர்ட்ஸுக்குக் கீழே 6 முதல் 10 டெசிபெல் வரை கூடும். சரிவும் இந்தக் கூட்டலும் ஒன்றையொன்று ஈடுசெய்து பாடகரின் குரல் சமமாக வந்து நிற்கும். அருமையான கணக்கு.

அதே மைக்கை ஒரு ஸ்டாண்டில் மாட்டி, குடத்திலிருந்து ஒரு முழம் தள்ளி வைத்தால் கூட்டல் போய்விடும், சரிவு மட்டும் மிஞ்சும்.

குடத்தின் ஒலி எங்கே இருக்கிறது? வில்லோடு சேர்த்துக் கட்டிய மண்குடத்தின் வாயில், கமுகம்பாளை போன்றவற்றில் செய்த பத்தியால் அடிக்கிறார்கள். அடி விழும்போது உள்ளே இருக்கும் காற்று முழுதாக அழுந்தி விரிகிறது. காலி பாட்டிலின் வாயில் ஊதினால் ஒரு சுரம் வருகிறதே, அதே இயற்பியல்தான். ஹெல்ம்ஹோல்ட்ஸ் சொன்ன சமன்பாட்டில் பானையின் கொள்ளளவையும் வாயின் அகலத்தையும் கழுத்தின் நீளத்தையும் போட்டால் அதிர்வெண் கிடைத்துவிடும். 15 லிட்டர் கொள்ளும், 12 சென்டிமீட்டர் வாயகலமும் குட்டைக் கழுத்தும் உள்ள ஒரு குடத்துக்குக் கணக்குப் போட்டால் 130–140 ஹெர்ட்ஸ் அளவில் வருகிறது. வாய் மாறாமல் கொள்ளளவு இரட்டித்தால் 100-ஐ ஒட்டி இறங்கிவிடும். பத்தியை வாய்க்கு அருகிலேயே நிறுத்தினால் திறப்பு குறுகி ஒலி இன்னும் தாழும்; கைதேர்ந்தவர்கள் குடத்தைப் பேச வைப்பது இப்படித்தான். ஆக, குடத்தின் உயிர் ஏறக்குறைய 80 முதல் 150 ஹெர்ட்ஸுக்குள் இருக்கிறது. குரல் மைக்கின் கோடு சரியும் இடமும் அதுவேதான். பத்தி விழும் ‘தப்’ என்ற ஓசையும், மறுகை பானையின் உடலில் தட்டும் ‘டிக்’கும் மேலே இருக்கின்றன. அவை மைக்கின் மேட்டில் ஏறி இன்னும் உரக்க வரும். பலகையைத் தட்டுவதுபோல் கேட்பதன் காரணம் இதுதான்.

அப்படியானால் ஆண்குரலும் 100 ஹெர்ட்ஸ் பக்கம்தானே தொடங்குகிறது, அது மட்டும் ஏன் கெடுவதில்லை? இந்தக் கேள்வி எனக்கு மிகவும் பிடித்தமானது. ஆண்கள் பேசும் குரலின் அடிப்படை அதிர்வெண் பொதுவாக 85 முதல் 180 ஹெர்ட்ஸ் வரை. பழைய தொலைபேசி 300 முதல் 3,400 வரைதான் கடத்தியது. அதாவது அடிப்படை அதிர்வெண்ணே கம்பியில் போகவில்லை. ஆனாலும் போனில் பேசிய மாமா மாமாவாகவே கேட்டார், சிறுவனாகக் கேட்கவில்லை. குரல்வளை 110 ஹெர்ட்ஸில் அதிர்ந்தால் அதனோடு 220, 330, 440, 550 என்று மடங்குகள் வரிசையாக எழுகின்றன. அந்த மடங்குகளின் இடைவெளியைப் பார்த்து மூளை இல்லாத 110-ஐத் தானே கட்டிக்கொள்கிறது. குடத்தில் அடைபட்ட காற்றின் ஒலிக்கு அப்படி மடங்கு வரிசை கிடையாது. அது கிட்டத்தட்ட ஒற்றைச் சுரம். அந்த ஒன்று போய்விட்டால் மூளை எதைப் பிடித்துக்கொண்டு கட்டும்? ஒரே மைக், ஒரே சரிவு, ஆனால் குரல் பிழைத்துக்கொள்கிறது, குடம் செத்துவிடுகிறது. குரலுக்குச் சரியாக இருக்கும் மைக் எல்லாவற்றுக்கும் சரி என்று எண்ணிவிடுவதும் இதனால்தான்.

வில்மணிகளுக்கு நேர் எதிரான கதி. வெண்கல மணியின் ஒலியில் பல ஆயிரம் ஹெர்ட்ஸில் பல கூறுகள் உண்டு. அவை ஒன்றுக்கொன்று மடங்காக அமையாதவை, அந்த ஒழுங்கின்மைதான் மணியின் கலகலப்பு. இவற்றில் ஒரு பகுதி 4,000–6,000 மேட்டில் சிக்கினால் அந்தத் துண்டு மட்டும் உரத்துக் கேட்கும். அதற்கு மேலே இருக்கும் மெல்லிய பளபளப்பு 10,000-க்குப் பிந்திய இறக்கத்தில் போய்விடும். மிஞ்சுவது தகரத்தைத் தட்டும் ஒலி. அண்ணாவியின் வாய்க்கு நேரே உள்ள மைக்குக்கும் மணிகளுக்கும் ஒரு மீட்டர்கூட இடைவெளி இல்லை என்பதால், மணிக்குத் தனி மைக் வைக்காவிட்டாலும் இது நடக்கும்.

ஒலிபெருக்கியின் பங்கையும் சொல்லாமல் விட முடியாது. கேரளத்தார் கோளாம்பி என்று சொல்லும் கூம்பு ஸ்பீக்கர் 300 ஹெர்ட்ஸுக்குக் கீழே அநேகமாக ஒன்றும் தராது. அதில் கேட்பவருக்கு மைக்கில் குடம் விழுந்தாலும் விழாவிட்டாலும் ஒன்றுதான். கைப்பேசியின் ஸ்பீக்கரும் அப்படியே. அதே பதிவைப் பெரிய ஸ்பீக்கரிலோ நல்ல ஹெட்போனிலோ கேட்கும்போதுதான் மைக் செய்த வேலை வெளிப்படும். வானொலியிலும் இந்த வேறுபாட்டைக் கேட்க முடிந்தது. மத்திய அலையில் கேட்கும் ஒலி ஐயாயிரம் ஹெர்ட்ஸுக்குப் பக்கத்திலேயே நின்றுவிடும். பண்பலையில் 15,000 வரை போகும். நாகர்கோவிலில் 1984-இல் உள்ளூர் வானொலி நிலையம் வந்த பிறகு பண்பலையில் நாட்டார் பாட்டுகளைக் கேட்டு வளர்ந்தவர்களுக்கு ஜால்ரா எப்படி ஒலிக்க வேண்டும் என்று காதில் ஒரு கணக்கு இருக்கிறது.

வால்யூமைக் கூட்டினால் மைக் கூவுவதற்கும் துலங்கலே காரணம். ஸ்பீக்கரிலிருந்து வரும் ஒலி மறுபடி மைக்குக்குள் போய்ச் சுற்றிச் சுற்றிப் பெருகுவதுதான் ஃபீட்பேக். மைக், ஸ்பீக்கர், மேடை மூன்றின் கோடுகளையும் கூட்டினால் எந்த அதிர்வெண் உயரமாக நிற்கிறதோ அது முதலில் கூவும். மைக்கில் 5,000-இல் ஒரு மேடு இருந்தால் கீச்சென்ற கூவல் அந்தப் பக்கத்திலிருந்துதான் வரும். குடத்துக்காக மொத்த வால்யூமையும் ஏற்றினால், குடம் கேட்பதற்கு முன் அந்த மேடு எல்லையைத் தொட்டுவிடுகிறது. பாடகர் மைக்கின் வலையைக் கையால் பொத்திப் பிடிப்பதும் இதை மோசமாக்கும். பின்பக்கத்துத் துளைகள் அடைபட்டால் மைக்கின் திசைத்தன்மை போய், எல்லாப் பக்கமும் கேட்கத் தொடங்கிவிடும். கோடும் அலங்கோலமாகும். இளம் பாடகர்கள் சினிமா மேடையைப் பார்த்து இப்படிப் பிடிப்பதை வழக்கமாக்கிக்கொள்கிறார்கள். தயவுசெய்து விட்டுவிடுங்கள்.

கைப்பேசிப் பதிவுகளில் குற்றவாளி வேறு. கைப்பேசியில் இருக்கும் பொடி மைக்கின் துலங்கல் அவ்வளவு மோசமில்லை. ஆனால் அதற்குப் பின்னால் இருக்கும் மென்பொருள் பேச்சுக்காக எழுதப்பட்டது. காற்றிரைச்சல் என்று எண்ணித் தாழ்ந்த ஒலிகளை வெட்டும். விடாமல் ஒலிக்கும் ஜால்ராவைப் பின்னணி இரைச்சல் என்று எண்ணித் தணிக்கும். சத்தம் ஏறினால் தானே குறைத்து, இறங்கினால் தானே கூட்டும். பதிவு செய்யும் செயலியில் இந்தத் திருத்தங்களை நிறுத்த வழியிருந்தால் நிறுத்திவிட வேண்டும். அப்புறம், செண்டை மேளத்தின் முன்னால் நின்று எடுத்த பதிவில் கரகரவென்று கிழிவது துலங்கலால் வருவதே அல்ல. அவ்வளவு அழுத்தத்தைத் தாங்காமல் அலையின் உச்சி வெட்டுப்படுகிறது. அதிர்வெண்வாரியாக ஒலியைக் கூட்டிக் குறைக்கும் ஈக்வலைசர் எதனாலும் அதைச் சரிசெய்ய முடியாது. பின்னால் தள்ளி நிற்பதுதான் ஒரே வழி.

குடத்துக்கு என்ன மைக் வைக்கலாம்? மேற்கத்திய டிரம்ஸில் காலால் அடிக்கும் பெரிய டிரம்முக்கென்றே மைக்குகள் இருக்கின்றன. ஷூர் பீட்டா 52ஏ 20 முதல் 10,000 வரையும், ஏகேஜி டி112 20 முதல் 17,000 வரையும் எடுக்கும். இவற்றின் கோடு கீழே தாராளமாக இருக்கும். ஆனால் நடுவில் சில நூறு ஹெர்ட்ஸில் ஒரு பள்ளம் வைத்திருப்பார்கள், அந்த டிரம்மில் அங்கே வரும் பொதபொதப்பைக் குறைப்பதற்காக. நம் குடத்தில் மண்ணின் குரல் இருப்பது அந்தப் பள்ளத்தில்தான். அதனால் இவற்றை வைத்தால் நெஞ்சில் அடிக்கும் ஒலி கிடைக்கும், ஆனால் அடிபடுவது மண்பானை என்று தெரியாது. என்னைக் கேட்டால், இசைக்கருவிக்கான சாதாரண டைனமிக் மைக் ஒன்றை, 1965 முதல் இருக்கும் எஸ்எம்57 போன்றதை, குடத்தின் வாய்க்கு நான்கு ஐந்து விரல் தூரத்தில் பக்கவாட்டிலிருந்து சாய்த்து வைப்பேன். பாடகருக்குக் கீழொலியைப் பெருக்கிக் கொடுக்கும் அதே நெருக்கம் குடத்துக்கும் கொடுக்கும். நேர்மேலே வைத்தால் பத்தி தள்ளும் காற்று மைக்கில் மோதிப் ‘பட்’டென்று வெடிக்கும், ஆகவே பக்கவாட்டுதான் சரி, ஒரு நுரைப்பஞ்சு உறையும் வேண்டும்.

எல்லா மைக்கின் ஒலியையும் ஒன்றுசேர்க்கும் மிக்ஸரில் லோ-கட் என்று ஒரு பொத்தான் இருக்கும். பெரும்பாலும் 75 முதல் 100 ஹெர்ட்ஸுக்குக் கீழே வெட்டும். மேடைப் பலகையின் அதிர்வு வராமலிருக்க எல்லாச் சேனலிலும் அதை அழுத்தி வைத்திருப்பார்கள். பாடுபவர்களுக்கும் ஜால்ராவுக்கும் அது இருக்கட்டும். குடத்தின் சேனலில் மட்டும் எடுத்துவிடுங்கள். பல மேடைகளில் குடத்தைப் பாதி மீட்க இந்த ஒரு பொத்தான் போதும்.

மைக்குகளின் எண்ணிக்கையைக் கூட்டிக்கொண்டே போவதும் ஆபத்து. குடத்தின் ஒலி அதன் மைக்குக்கு ஒரு நேரத்திலும், 34 சென்டிமீட்டர் அதிகத் தூரத்தில் இருக்கும் அண்ணாவியின் மைக்குக்கு ஒரு மில்லிநொடி தாமதமாகவும் போய்ச் சேர்கிறது. மிக்ஸரில் இரண்டும் கூடும்போது 500, 1,500, 2,500 ஹெர்ட்ஸ் என்று வரிசையாகப் பள்ளங்கள் விழும். இரண்டு மைக்கும் நேர்க்கோடாகவே இருந்தாலும் கூட்டின கோடு சீப்புப் பல்லாகிவிடும். ஒரு மைக்குக்கும் அதன் ஒலிமூலத்துக்கும் உள்ள தூரத்தைப்போல் மூன்று மடங்கு அடுத்த மைக் தள்ளியிருந்தால் இந்தப் பள்ளங்கள் ஆழமாக விழாது. பாடாத நேரத்தில் பக்கப்பாட்டுக்காரர்களின் மைக்கை இறக்கி வைப்பதும் உதவும்.

ஸ்பீக்கருக்குப் போகும் ஒலியையே பதிவுக்கும் எடுக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. பதிவுக்கு மட்டும் எல்லாத் திசையும் கேட்கும் சிறு சவ்வுக் கன்டென்சர் மைக் இரண்டை மேடைக்கு முன்னால் ஒன்றரை, இரண்டு மீட்டரில் வைத்தால், வில்லும் குடமும் குரலும் அவர்கள் உட்கார்ந்த அளவிலேயே வரும். எல்லாத் திசையும் கேட்கும் மைக்குக்கு நெருக்கத்தால் கீழொலி பெருக்கும் குணமும் கிடையாது, தூரத்தால் குறையும் குணமும் கிடையாது. கோடு 30, 40 ஹெர்ட்ஸ் வரை நேராகவே போகும். ஊர்க்கூட்டத்தின் பேச்சும் கொஞ்சம் சேர்ந்து வரும். கொடை என்றால் அதுவும் உண்டுதானே. குளச்சல், மண்டைக்காடு போன்ற கடலோர ஊர்களில் உப்புக்காற்றும் ஈரமும் கன்டென்சரைப் படுத்தும், சரசரவென்று இரைச்சல் கிளம்பும். பதிவு முடிந்ததும் சிலிக்கா பொட்டலத்தோடு மூடிய டப்பாவில் வைக்க வேண்டும். டைனமிக் மைக்குக்கு அந்தக் கவலை குறைவு. ஆனால் அதன் வலைக்குள் இருக்கும் நுரைப்பஞ்சில் எச்சிலும் தூசியும் அடைந்தால் மேல் ஒலிகள் மங்கிவிடும். வலையைக் கழற்றிப் பஞ்சை அலசிக் காயவைத்து மாட்டினாலே பழைய மைக் புதிதாகக் கேட்கும்.

உங்கள் மைக்கின் கோடு எப்படி என்று அறிய ஆய்வகம் தேவையில்லை. அளவீட்டுக்கென்று விற்கும் மைக் ஒன்று, அதன் சொந்தக் குறையைச் சரிசெய்யும் திருத்தக் கோப்போடு, இரவல் கிடைத்தால் போதும். திறந்த வெளியில் ஒரு ஸ்பீக்கரை வைத்து 20 முதல் 20,000 வரை ஏறிப்போகும் ஒலியைப் போடுங்கள். ஒரே இடத்தில், ஒரே தூரத்தில், முதலில் அளவீட்டு மைக்கையும் அடுத்து உங்கள் மைக்கையும் வைத்துப் பதியுங்கள். ஸ்பீக்கரின் குறை இரண்டு பதிவிலும் ஒன்றாகவே இருப்பதால் கழித்துப் பார்க்கும்போது அது அடிபட்டுப் போகும். மிஞ்சுவது இரண்டு மைக்கின் வேறுபாடு. உங்கள் மைக்கைப் பத்து சென்டிமீட்டர், அரை மீட்டர், இரண்டு மீட்டர் என்று வைத்து ஒவ்வொரு முறையும் இப்படியே செய்தால், இதுவரை சொன்ன சரிவும் நெருக்கக் கூட்டலும் திரையில் கண்ணெதிரே வந்து நிற்கும்.

இப்போது எடுத்துவைத்திருக்கும் பழைய பதிவுகளுக்கும் ஒரு வழி இருக்கிறது. கோடு தெரிந்தால் அதற்கு எதிர்க்கோட்டை ஈக்வலைசரில் போட்டு, மைக் குறைத்ததைக் கூட்டி, கூட்டியதைக் குறைக்கலாம். 100 ஹெர்ட்ஸில் 5 டெசிபெல் குறைந்த குடத்தை 5 டெசிபெல் ஏற்றினால் அது திரும்பி வரும், இரைச்சலுக்குள் மூழ்கிப் போகாதவரை. பக்கவாட்டில் விழுந்த மணியோசையை இப்படிச் சீராக்க முடியாது, ஏனென்றால் நேர்முன்னால் வந்த குரலுக்கு ஒரு கோடும் மணிக்கு இன்னொரு கோடுமாகப் பதிவாகியிருக்கும். இதற்கெல்லாம் எந்த மைக், எவ்வளவு தூரம், லோ-கட் இருந்ததா என்று தெரிந்திருக்க வேண்டும். ஆகவே அண்ணாவியின் பெயர், ஊர், சாமி, பாடிய கதை, தேதி இவற்றோடு மைக்கின் பெயரையும், வைத்த தூரத்தையும், மிக்ஸரில் எந்தப் பொத்தான் அழுத்தியிருந்தது என்பதையும் ஒவ்வொரு பதிவின் விவரத்திலும் எழுதி வையுங்கள். வீடியோவின் கீழே இரண்டு வரி போதும்.